மாமாவின் துப்பாக்கியில் கோதுமை மாவு

"…வேற யாரும் தொடலை பாய், நான்தான் வெவரம் பத்தாம அமுக்கிப்புட்டேன்" என்று மாமா சொன்னபோது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தே போனது. மதுரையில் துப்பாக்கி பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் நாங்கள் மூவரும் நின்றிருந்தோம். மாமா சொன்னது முழுப் பொய். அது எனக்கும் அத்தைக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும் என்பதுதான் எங்களுக்கு அதுவரை தெரியாது.

மாமாவுக்கு மேலூர்ப் பக்கம் கல்குவாரி. பக்கத்து குவாரிக்காரர்களோடு ஏதோ தகராறு வந்து, ஆபத்து இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, லைசென்ஸ் வாங்கி ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தார். நான் அறிந்தவரை அதைக் காட்டி ஒரு காக்கையைக்கூட அவர் விரட்டியதில்லை. தோட்டாக்களை ஒரு டப்பாவில் தனியாகப் பூட்டி, துப்பாக்கியை மட்டும் துணி சுற்றி இரும்பு பீரோவில் வைத்திருப்பார். பீரோ சாவி அத்தையின் இடுப்பில் இருக்கும்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எதைப் பூட்டினாலும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஏறப் பாதி வழி போனவள், திரும்பி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கேட்டால், "சிக்கெடுக்காத தலையும் இழுத்துப் பாக்காத பூட்டும் ஒருநா சந்திக்கு வந்துரும்டி" என்பாள். இழுத்த இழுப்பில் வீட்டில் பாதித் தாழ்ப்பாள்கள் ஆடிக்கொண்டிருந்தன. மிக்சி, ரேடியோ, தையல் மெஷின் என்று அவள் கை பட்டு உடைந்தவற்றின் கதை மாமாவுக்கு மனப்பாடம். விருந்தாளி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவார். இவ தொட்டா உலக்கையும் ரெண்டா ஒடியும் என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

முழுப் பரீட்சை லீவுக்கு நான் அங்கே போயிருந்த சமயம். அத்தை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். குவாரியிலிருந்து மாமா போன் செய்து, பீரோவில் ஏதோ ரசீது இருக்கிறது, அதன் நம்பரைப் பார்த்துச் சொல் என்றார். சொல்லி முடித்துப் பீரோவைச் சாத்தப் போனவள், துணி விலகிக் கிடந்த துப்பாக்கியைப் பார்த்துவிட்டாள். வாங்கிய நாளில் கடைக்காரர் விளக்கியதில் அவள் காதில் விழுந்தது பாதிதான். பக்கவாட்டில் இருக்கிற அந்தச் சின்னத் தாழ் மேலே இருந்தால் பூட்டு, கீழே இருந்தால் திறப்பு. இப்போது அது கீழே இருந்தது. "பாத்தியா, இந்த மனுசன் பூட்டாமயே போட்டு வச்சிருக்காரு" என்றாள்.

என்னைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னாள். துப்பாக்கியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கட்டைவிரலால் தாழைத் தள்ளினாள். நகரவில்லை. முந்தானையைச் சுற்றித் தள்ளினாள். நகரவில்லை. பிறகு அடுப்படிக்குப் போய்ப் பூரிக்கட்டையை எடுத்து வந்து, அதன் முனையைத் தாழுக்கு அடியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினாள். டக்கென்று ஏறிவிட்டது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அத்தைக்கு அன்று சாயங்காலம்வரை மனசு நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துடைத்துக் கொண்டுபோகலாம் என்று வெளியே எடுத்த மாமா, வெகுநேரம் அதோடு மல்லுக்கட்டினார். தாழ் இறங்கவும் இல்லை, எதுவும் நகரவும் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்கிற வருஷம் வேறு. உடைந்த துப்பாக்கியைக் கொண்டுபோய் நீட்டினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விரல் நுனியை ஒருமுறை பார்த்தார், வேட்டியில் துடைத்துக்கொண்டார், காலையில் மதுரைக்குப் போக வேண்டும் என்றார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை தானும் வருவதாகச் சொல்லி என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அழகர்மலைப் பக்கம் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். லைசென்ஸ் போய்விடக் கூடாது என்று ஒரு வேண்டுதல். மிக்சிக்கும் ரேடியோவுக்கும் அடுத்தபடியாக இந்தக் கதையும் விருந்தாளிகளுக்குப் பரிமாறப்பட்டுவிடக் கூடாது என்று இன்னொன்று. இரண்டில் எது பெரியது என்று கேட்டிருந்தால் அவளே திணறியிருப்பாள்.

பட்டறை பாய் துப்பாக்கியைப் பிரித்து, அரிசி அளவு இரும்புத் துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வளைந்திருந்தது. பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கிற இந்தக் குதிரை ஏறி நின்றால்தான் இந்தத் தாழ் போக உள்ளே இடம் இருக்கும், குதிரை படுத்திருக்கும்போது தள்ளினால் போக இடமில்லாமல் இந்தத் துண்டுதான் வளையும் என்றார். இந்த மாடலைக் காலியாக வைக்கும்போது தாழ் கீழேயே கிடக்கலாம். வரலை என்றால் விட்டுவிட வேண்டும், பலத்தைக் காட்டக் கூடாது. அப்புறம்தான் யார் அமுக்கியது என்று கேட்டார். மாமா அந்தப் பொய்யைச் சொன்னார்.

பாய் சும்மா விடவில்லை. இடுக்கில் ஊசியை விட்டு வெள்ளையாக எதையோ சுரண்டி எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கோதுமை மாவுல்ல இருக்கு. அண்ணே, நீங்க சப்பாத்தி தேய்ப்பீகளோ?"

குடிக்கிற தண்ணீரைக்கூடத் தானாக மொண்டறியாத மாமா, கண்ணை இமைக்காமல் சொன்னார்: "எப்பவாச்சும், பாய்."

பாய் அத்தையைப் பார்த்தார், அப்புறம் கூரையைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் வேறு துண்டு பொருத்த ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் மாமாவுக்குத் தாழ் போடுகிற முறையைக் காட்டினார். மாமா அத்தையையும் கிட்டே கூப்பிட்டு, நீயும் பாத்துக்க என்றார். அத்தை பரீட்சைக்குப் போகிறவளைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் துப்பாக்கியை ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து, மதுரைக்கு என்ன வேலையாகப் போனீர்கள் என்று விசாரித்தார். அத்தை தண்ணீர்ச் செம்போடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். பூரிக்கட்டைக் கதையை மாமா எப்படிச் சொல்லப் போகிறார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அவரோ, தனக்குத்தான் துப்பாக்கி வைக்கத் தெரியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம். நாலு பேரைச் சிரிக்க வைக்கச் சோற்றைக்கூடத் தள்ளிவைக்கிற மனிதர், பத்து வருஷத்துக்குத் தாங்குகிற ஒரு கதையை முழுசாக விழுங்கிவிட்டார் என்பதும், அது எம்புட்டுப் பெரிய விஷயம் என்பதும் அந்த வயசில் எனக்குப் படவில்லை.

எதிர்வீட்டுக்காரர் போனதும் மாமா அடுப்படிக்குள் போனார். நான் பார்த்து அவர் அங்கே நுழைந்தது அதுதான் முதல் தடவை. பொய் சொன்னதற்குச் சாமி கொடுத்த தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேட்டியை மடித்துக் கட்டி, மாவுப் பலகைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அத்தை கையிலிருந்த பூரிக்கட்டையைக் கேட்டு வாங்கி, அவள் சொன்னபடி, அமுக்காமல், மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தார்.