டீம் மார்க்

அவளை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரி வாலிபால் அணியில் வலையோரம் நின்று பந்தை அறைந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இடுப்பு பெருத்த பிறகும் விட்டபாடில்லை. இப்போது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்மேசையில் இருக்கிறாள். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, ரத்தக் குழாயில் சீட்டு ஒட்டி, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே கொடுத்துவிடுவாள். உள்ளே மைக்ரோஸ்கோப் இருக்கிறது. அவளுக்கு அங்கே வேலை இல்லை.

கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது. விலங்கியலில் சேர ஆசையாக வரிசையில் நின்றவளை, வாலிபால் மாஸ்டர் தோளைப் பிடித்துப் வேறொரு பாடத்துக்கான பக்கத்து வரிசைக்கு நகர்த்தினார். அணி முழுக்க அங்கேதான் நின்றது.

"லேப் சாயங்காலம் வரைக்கும் இழுக்கும்மா. அப்புறம் பிராக்டிஸுக்கு யாரு வருவா? இது ரொம்ப ஈஸி. நீ கிளாஸ்ல வந்து உட்காரக்கூட வேண்டாம்."

சும்மா சொல்லக்கூடாது, அவர் கெட்டவர் இல்லை. முட்டி வீங்கினால் தானே உட்கார்ந்து ஐஸ் ஒத்தடம் கொடுப்பார். ஆனால் அந்த முட்டிக்கு மேலே ஒரு தலையும் இருக்கிறதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்க்கவில்லை. பந்து வலையைத் தாண்டினால் சரி.

அந்தக் கல்லூரியில் டீம் மார்க் என்று ஒன்று உண்டு. விளையாடுகிற பிள்ளைகள் எதைக் கிறுக்கினாலும் நூற்றுக்கு நாற்பத்தைந்து, பாஸ். கடைசி வருடம் நெட்டைக்கு என்ன தோன்றியதோ, ஒரே ஒரு தேர்வுக்கு மாங்கு மாங்கென்று படித்தாள். போட்டிக்குப் போகிற பஸ்ஸில் படித்தாள், ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே படித்தாள். கை வலிக்க எழுதினாள். பக்கத்து மேசையில் அவள் தோழி குட்டி, இவளுக்குப் பந்து தூக்கிக் கொடுப்பவள், வெறும் தாளில் ஒரு பூனையை வரைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து.

"பாத்தியாடி, என் பூனையும் பாஸ்!" என்று குட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். நெட்டையும் கூடச் சிரித்தாள். அன்றைக்கு அவளைப் பிடித்ததுதான் அந்தப் பூனை. பேயாக இருந்தாலாவது யாரையாவது கூட்டிவந்து விரட்டச் சொல்லலாம், இதை எங்கே போய்ச் சொல்வது? பட்டப்பகலில், வெள்ளைச் சீட்டை உரிக்கும்போது, வந்து உட்காரும். உனக்குப் படிப்பு வருமா வராதா என்று கேட்கும். அவளுக்குப் பதில் தெரியாது. சுத்த மக்கு என்று எவராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒருநாள் அழுது தீர்த்திருப்பாள்.

இந்த வருடம் உள்ளே ஒரு வேலை காலியானது. கூடத்தை நடத்தும் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு வருஷக் கோர்ஸ் இருக்கும்மா. நுழைவுத் தேர்வு எழுதிப் பாரேன். பாஸாகி கோர்ஸ முடிச்சிட்டேன்னா உள்ள வேலை உனக்குத்தான்."

நெட்டை அன்றைக்கே விண்ணப்பம் போட்டாள். வேலை கிடைக்கிறதா என்பதல்ல அவள் கவலை. பூனையின் கேள்விக்குப் பதில் வரப்போகிறதே.

"ஏங்க, நான் ஃபெயிலாயிட்டா?" என்றாள் வீட்டில்.

"ஆனா என்ன? எனக்குப் பட்டன் தைக்க ஆளாச்சு" என்றான் தையல்காரப் புருஷன்.

"விளையாடாதீங்க. ஃபெயிலானாலும் பரவால்லைங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

படித்தாள். எழுதினாள். தெரியாத கேள்விகளை வேண்டுமென்றே வெறுமையாக விட்டாள். பொய்யாக ஒரு மார்க்கூட வரக்கூடாது. அதன் பிறகு முடிவு வரும்வரை பூனை எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தார். "பாஸாயிட்டம்மா!"

நெட்டை துள்ளி எழுந்தாள். பந்து அடிக்கப் போகிறவள் மாதிரி கை தானாக உயர்ந்தது. ஐயோ, எத்தனை வருடத்துச் சந்தோஷம்!

"நீ பயந்துட்டே இருந்தியா, எனக்கே பாவமாயிடுச்சு. அந்தக் கோர்ஸ் நடத்துற பிரின்ஸிபல் நமக்கு வேண்டியவர்தான். காலேஜ்ல விளையாடின பொண்ணு சார், படிப்பு கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், பாத்துப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன்."

உயர்ந்த கை மெல்ல இறங்கியது.

"என் பேப்பரைப் படிச்சாங்களா மேடம்?"

"அது எதுக்கும்மா இப்போ? அதான் பாஸாயிட்டியே. வா, உள்ள வந்து எல்லாத்தையும் பாரு."

கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி டாக்டரம்மா நின்றார். நெட்டை தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்து நின்றவரின் பெயரைக் கேட்டு, ஒரு வெள்ளைச் சீட்டை உரித்தாள். பூனை வந்துவிட்டது.