நூறு வாட் சூடு

தேவிப்ரியாவின் வீட்டில் எல்லா அறைக்கும் வெள்ளை வெளிச்சம் வந்து ரொம்ப நாளாகிறது. கூடம், சமையல்கட்டு, வாசல் என்று அவள் கணவன் சிவசங்கரே ஸ்டூல் போட்டு ஏறி எல்.இ.டி. பல்புகளை மாட்டினான். கரண்டு கம்மி, வெளிச்சம் ஜாஸ்தி என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசினான். எந்த அறைக்கு எது என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கும்.

குளியலறையை விட்டால் மஞ்சளாக எரியும் குண்டு பல்பு மிஞ்சியது பின்கட்டில்தான். அது வெளிச்சத்துக்கு அல்ல, சூட்டுக்கு. சங்கராபுரத்தை ஒட்டிய அந்த ஊரில் சிவசங்கருக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு வியாபாரம். முட்டைகள் மெஷினில் பொரியும். பொரிந்த குஞ்சுகளுக்குத் தாய்க்கோழி கிடையாது. தகரத்தை வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பி, மேலே நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டால் அதுதான் தாய். பொழுது சாயும்போது சுவிட்சைப் போட்டதும் விளக்கைப் பார்த்துக் கைகூப்புவது தேவிப்ரியாவுக்கு அம்மா வீட்டுப் பழக்கம். குஞ்சுப் பல்பையும் கும்பிடுவாள்.

அந்தத் தாய்க்கும் ஒரு ஆள் வேண்டுமே, அது அவள்தான். குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குளிர், பல்பை இறக்க வேண்டும். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு, ஏற்ற வேண்டும். கரண்டு போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இறகு முளைக்கும்வரை வீட்டைவிட்டு நகர முடியாது. முளைத்ததும் அவை வண்டியேறிப் போகும், அடுத்த செட்டு மெஷினிலிருந்து இறங்கும். குஞ்சுகளுக்காவது இறகு முளைத்தது.

"எனக்கு அதெல்லாம் கைக்கு வராது" என்பான் சிவசங்கர். வந்துவிடக் கூடாது என்பதில் அவன் அவ்வளவு கவனமாக இருந்தான்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் பிறந்த நைனார்பாளையத்தில் திரௌபதியம்மன் தீமிதி. காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் இருப்பவர்கள் தீமிதி முடியும்வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மற்றவர்களுக்கு அது கட்டுப்பாடு, தேவிப்ரியாவுக்கு அதுதான் விடுதலை. காப்புக்கு முன்னால் அம்மா வீட்டில் கால் வைத்துவிட்டால் பிறகு அவளைத் திருப்பி அழைக்க யாராலும் முடியாது. அம்மனே பிடித்து வைத்துக்கொள்வாள். அப்பா போனபின் அம்மா பாப்பாத்தி அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். "இந்த வாட்டியாவது வந்துடு கண்ணு" என்று மூன்று வருடமாகக் கேட்கிறாள். மூன்று வருடமும் காப்பு நாளன்று தகரத்துக்குள் குஞ்சு இருந்தது.

இந்த வருடம் காப்புக்குச் சில வாரம் இருக்கும்போது நூறு வாட் பல்பு பீஸ் போனது. சிவசங்கர் கடை கடையாகத் தேடி, குண்டு பல்பு கிடைக்காமல், ஒரு எல்.இ.டி.யோடு வந்தான்.

"டப்பால இன்னா போட்டுக்கிது பாரு. நூறு வாட்டுக்குச் சமமாம்."

"சூடு வருமாங்க?"

"அதான் சமம்னு போட்டுக்கிறானே!"

மாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பல்பு பளீரென்று எரிந்தது. தேவிப்ரியா சமையலை முடித்துவிட்டு வந்து அடியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு என்ற பேச்சே இல்லை. குஞ்சுகள் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. அடியில் அகப்பட்டவை நசுங்கிச் செத்திருந்தன. குளியலறையில் மாற்றாமல் விட்டிருந்த அறுபது வாட் குண்டு பல்பைக் கழற்றி வந்து தாழ இறக்கிக் கட்டினாள். செத்தவற்றைக் கொல்லையில் புதைத்ததும் அவள்தான். "நீ பாத்துக்கினு இருக்க வேணாமா?" என்ற பேச்சை வாங்கிக்கொண்டதும் அவள்தான்.

மறுநாள் அவளைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினான். பகல் வெயிலுக்கு அறுபது வாட் தாங்கும், பொழுது சாய்வதற்குள் நூறு வாட்டோடு வந்துவிட வேண்டும் என்று உத்தரவு.

அவள் ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் இல்லை என்றார்கள். ஒவ்வொரு இல்லைக்கும் அவள் மனம் துள்ளியது. குண்டு பல்பு இல்லையென்றால் குஞ்சு இல்லை. குஞ்சு இல்லையென்றால் அவள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பல்பு வாங்க வந்தவள் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே கடைசியாக ஒரு கடையில் ஏறினாள். கடைக்காரர் பிச்சைமுத்து வயசானவர்.

"குண்டு பல்பா? கம்பெனிக்காரனே நிறுத்திட்டான்மா. மஞ்ச வெளிச்சம் வேணும்னா எல்.இ.டி.லயே கீது."

"சூடு வேணுங்க. கோழிக்குஞ்சுக்கு."

"அப்பிடிச் சொல்லு. இரு."

பரண்மேல் கைவிட்டுத் துழாவி, தூசி படிந்த ஒரு டப்பாவை எடுத்தார். நூறு வாட். சொருகிக் காட்டினார், எரிந்தது. "இதான் கடைசி. இனிமே எங்கயும் கெடைக்காது."

பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் நேற்று உள்ளங்கையில் சில்லென்று கிடந்த அந்தக் குஞ்சுகளை நினைத்ததும் அந்தப் பொய்யைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. வாங்கிவிட்டாள்.

பேருந்து நிலையத்தில் சின்னசேலம் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அம்மா ஊருக்குப் போகிற வழி. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இருக்கிற செட்டுக்குக் காப்புக்குள் இறகு முளைத்துவிடும். மாற்றுப் பல்பு இல்லாமல் அடுத்த செட்டை இறக்கச் சிவசங்கர் துணிய மாட்டான். கடைசிப் பல்பு என்றால் கடைசிச் செட்டு. அங்கேயே நின்று போன் போட்டாள்.

"எம்மா, காப்புக்கு வந்துடறேன். தீமிதி முடிஞ்சிதான் போவேன்."

"நெசமாவா கண்ணு?" என்று பாப்பாத்தி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சிவசங்கர் பின்கட்டில் ஸ்டூல்மேல் நின்றிருந்தான். கம்பியில் கறுப்பாக என்னவோ தொங்கியது.

"நீ போனப்புறம் போன் போட்டு, சேலத்துலேர்ந்து பஸ்ல வரவெச்சேன். பீங்கான் பல்பு. வெளிச்சமே வராது, சூடு மட்டுந்தான். அஞ்சு வருசத்துக்குத் தாங்குமாம். இனிமே கவலையே இல்ல, அடுத்த செட்டு முட்டையும் மெஷின்ல வெச்சிட்டேன்."

அவள் மனத்துக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். காப்புக்குச் சரியாகப் பொரியும்.

"எங்க ஊர்ல காப்புங்க. அம்மாகிட்ட வரேன்னு சொல்லிட்டேன்."

"போயேன், யாரு வேணாம்னா? காலைல போய்ட்டு, காப்பு கட்றதுக்குள்ள கெளம்பி வந்துடு."

அவள் வாங்கி வந்த டப்பாவை அவன் பரணில் தூக்கிப் போட்டான். "கெடக்கட்டும், எப்பனா ஒதவும்."

பொழுது சாய்ந்தது. தேவிப்ரியா பின்கட்டுக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டாள். கைகள் தானாகக் கூப்பிக்கொண்டன. வெளிச்சம் வரவில்லை. கூப்பிய கையோடு இருட்டில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் சூடு முகத்தில் பட்டது. தகரத்துக்குள் கத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. ஐந்து வருடம். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. குஞ்சுகள் மிரண்டுவிடப் போகின்றனவே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.