உட்காராத மனிதர்

ஜொகூர் பாருவில் நான் சோதனைக்குப் போகும் மருத்துவமனையில் அவரை மூன்று முறை பார்த்தேன். இருவருக்குமே புரோஸ்டேட் புற்றுநோய். இருவருக்குமே அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை, நறுக்கிய வெள்ளை மீசை. நாற்காலிகள் காலியாக இருந்தாலும் சுவரோரம் நின்றுகொண்டேதான் இருப்பார்.

மூன்றாம் முறை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

“ரத்தத்துல பிஎஸ்ஏ, புத்து இருக்கான்னு காட்டுற அளவு, மறுபடி ஏறிருச்சுங்க. எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னாங்களே, அப்புறம் எது ஏறுது?”

“இப்பவே ரேடியேஷன் வச்சா அடங்கிடுங்க. வச்சுக்குங்க,” என்றேன்.

“வச்சா மூத்திரம் இன்னும் கசியலாமாம். இப்பவே நாற்காலி நனைஞ்சிடுமோன்னு உக்கார்றதில்ல. ஆம்பளத்தனம் ஆப்பரேஷனோட போச்சு. மிச்ச மானத்தையும் கேக்குறாங்க லா.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“அவகிட்ட சொல்லல. நோய் போயிருச்சுன்னு கோயில்ல அன்னதானம் போட்டுட்டா. சொந்தக்காரங்க எல்லாம் வாழ்த்திட்டுப் போனாங்க. இப்ப எந்த முகத்தோட சொல்றது?”

தாதி ரேடியேஷனுக்கான சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தாள். அவர் அதை நெடுநேரம் பார்த்தார்.

“வேணாம் மிஸ்ஸி. தெரிமா காசே,” என்று மலாயில் நன்றி சொல்லி, கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்.

அடுத்து என் முறை. எனக்கு பிஎஸ்ஏ ஏறவில்லை. டாக்டர் கைகுலுக்கினார்.

அதன்பின் அவரை அங்கே காணவில்லை. மனம் மாறி வேறு நாளில் வந்து கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். நோயாளி விவரம் சொல்லக் கூடாது என்றார்கள். அவர் செய்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கென்ன தகுதி இருந்தது என்பதுதான் தெரியவில்லை.