வாசலுக்கு நேரே நின்ற ஜாக்கிகள்

காலை ஐந்து நாற்பதுக்கு மேஸ்திரி போன் செய்தார். "சார், வாசக்கு நேரா இருந்த ஜாக்கியெல்லாம் எடுத்துட்டாங்க. சொன்னா கேக்கல. பசு மாடு வேற வந்துகினு இருக்குது."

திருப்பதியில் அன்று ஒரு புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வரைந்தவள் என் மகள் மாலதி, கட்டியவன் நான். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரிகளுக்கு ஷெட் போட்டுப் பழகிய எனக்கு, அவள் ஆர்க்கிடெக்சர் காலேஜிலிருந்து கொண்டுவந்த பேச்சு புதிது. நவீனத்துவம் என்பாள். அலங்காரம் வேண்டாம், கான்கிரீட்டைப் பூசி மறைக்க வேண்டாம், பாரம் எப்படி நிற்கிறது என்று தெரிவதே அழகு என்பாள். அதன்படி வாசலுக்கு மேல், தூணே இல்லாமல் வெளியே நீளும் கான்டிலீவர் ஸ்லாப். பூச்சு கிடையாது, சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே தெரியும். அவளுடைய முதல் வீடு அது.

தூண் இல்லாத ஸ்லாப்பும் கான்கிரீட் இறுகும்வரை ஜாக்கிகளின், அதாவது திருகு வைத்த இரும்பு முட்டுகளின், மேல்தான் நிற்கும். ஸ்லாப் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாது என்றார்கள் வீட்டுக்காரர்கள். ஜாக்கிகள் நிற்கட்டும், விசேஷம் நடக்கட்டும் என்று நானும் மாலதியும் எங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டோம்.

லாட்ஜிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது ஸ்லாப்புக்குக் கீழே பால்குடமும் தாம்பாளமுமாகக் கூட்டம். நடு வரிசை ஜாக்கிகள் காம்பவுண்டு ஓரம் கிடந்தன. மாலதி கூட்டத்தின் நடுவில் நின்று, "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். யாரும் நகரவில்லை. ஸ்லாப்பின் மேலே போட்டோகிராபர் வேறு.

வீட்டுக்காரர் நகரியில் பவர்லூம் வைத்திருப்பவர். சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா சார் பதறுறீங்க? வாசக்கு நேரா கம்பம் நின்னா ஆவாது. அய்யரு உள்ளயே வரமாட்டேன்னுட்டாரு. உங்க பொண்ணுதானே இதுக்குத் தூணே வேணான்னு சொல்ச்சி?"

"அது இறுகின பிறகுங்க!"

அவர் மனைவி குறுக்கிட்டார். "செவுத்துக்கும் பூச்சு இல்ல. இதுல கம்பம் வேற நிக்கணுமா? பார்த்தா பேய் வீடுதான்."

மாடிக்கு ஓடி போட்டோகிராபரை ஸ்லாப்பிலிருந்து உள்ளே இழுத்துவிட்டேன். ஸ்லாப் சுவரோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். இருக்கவே கூடாத இடம்; வெளியே நீளும் ஸ்லாப்பை வீட்டோடு பிடித்து வைப்பதே அந்த இடம்தான். அதற்குக் கீழேதான் என் மகள் நின்றுகொண்டிருந்தாள். 

விரிசல் என்று கத்தினால் நெரிசலாகிவிடும். இறங்கிப் போய்ப் பசுவின் கயிற்றைப் பிடித்துத் தெருவுக்கு நடந்தேன். பசு முன்னால் போகாமல் யாரும் வீட்டுக்குள் நுழையமாட்டார்கள். "யோவ், மாட்ட எங்க இட்டுகினு போற?" என்று திட்டிக்கொண்டே மொத்தக் கூட்டமும் என் பின்னால் வந்தது.

திரும்பிப் பார்த்தால், மாலதி மேஸ்திரியோடு ஒரு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஸ்லாப்புக்குக் கீழே போகிறாள்.

"நீ வெளிய வா!"

"நீங்க மாட்டப் புடிங்க, நைனா!"

"ஜாக்கி ஸ்லாப்பத் தொட்டா போதும். ரொம்ப முறுக்காத, ஸ்லாப் தூக்கிக்கும்!"

அவள் ஜாக்கியின் திருகைத் திருப்பிய அந்த நேரம் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றேன். என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. பசு பின்வாசல் வழியாகப் போனது. பால் பொங்கியது. அய்யர் என்னோடு பேசவில்லை.

வெயில் ஏறிய பிறகு சித்தூரிலிருந்து பாவனி வந்தாள். ஸ்லாப்புக்குக் கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுத்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், மாலதியோடு படித்தவள். மேலே போய் விரிசலைப் பார்த்தாள். விரலால் தடவினாள். வெகுநேரம் கழித்து இறங்கி வந்தாள்.

"ஏமே, இது ஆவாது. இடிச்சிட்டுத்தான் மறுபடி போடணும்."

மாலதி சரியென்று தலையாட்டினாள்.

"தூணே வேணான்னு எல்லார்கிட்டயும் சொன்ன. கான்கிரீட் இறுகற வரைக்கும் முட்டு நிக்கணும்னு அந்த வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?" என்றாள் பாவனி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொன்னீங்களா, அங்கிள்?"