கும்பிடு போட்ட கார்

போன மாதம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நின்றதும் என்னைப் பார்த்துக் கும்பிட்டது.

அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள். கார்தான் கும்பிட்டது. முன்பக்கம், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே ஒரு மூடி திறந்தது. உள்ளேயிருந்து தகரத்தில் செய்த இரண்டு கைகள் நீண்டன. விரலுக்கு மோதிரம்கூடப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து... 'டொக்!'

நான் என்ன செய்தேன்? பதிலுக்குக் கும்பிட்டுவிட்டேன். கை தானாகப் போய்விட்டது.

காரிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவர் இறங்கினார். மெட்ராஸ்காரர்.

"வணக்கம் ஆயா!"

"ஆயாவா? உங்க வண்டிக்குத் தெரிஞ்ச மரியாத உங்களுக்குத் தெரியலையேப்பா. அம்மான்னு கூப்புடுங்க."

அவர் வாயுவேகா மோட்டார் கம்பெனியாம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் அன்றுதான் கேள்விப்பட்டேன். புதிதாகச் செய்த கார் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிறதா, இல்லையா என்று பார்க்க மரக்காணத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் தம்பி ஏகாம்பரம் எங்கள் உப்பளத்துக் கொட்டகையில் காரை நிறுத்த இடம் கொடுத்திருந்தான்.

"மத்த கம்பெனி எல்லாம் வேகத்தப் பாக்குறாங்கம்மா. நாங்க பண்பாட்டப் பாக்குறோம்" என்றார் டைக்காரர்.

பண்பாடு என்றால் என்ன? ஒவ்வொன்றாகக் காட்டினார். நாலு சக்கரத்துக்கும் மேலே நாலு சின்னப் பெட்டி. கம்பியை இழுத்தால் நாலு எலுமிச்சம்பழம் விழும். வண்டி நசுக்கிக்கொண்டு கிளம்பும். பூனை குறுக்கே போனால் இன்னொரு கம்பி. கதவிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் நீளும். வாங்கிக் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, சகுனம் சரியானதும் புறப்படலாம். வெற்றிலை போடுகிறவர்கள் துப்ப ஜன்னலோரம் ஒரு குழாய். கூரையில் பன்னீர்த் தொட்டி — பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கிறவர்கள் மேல் பூவாகத் தூவும்.

"எல்லாம் சரி. பிரேக் இருக்குதா?" என்றேன்.

"இருக்குதும்மா" என்றார். ஆனால் அதைக் காட்டவில்லை.

நான் சிரித்துவிட்டு உள்ளே போயிருப்பேன். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. காரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அவன் மகள் மல்லிகாவுக்கு இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை, நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை திண்டிவனம் பக்கம். நெல் விவசாயக் குடும்பம். நல்ல பையன். மல்லிகாவுக்குப் பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொல்லமாட்டாள். ஆனால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

சிக்கல் மாப்பிள்ளையின் அப்பா. மரியாதையில் ஒரு குன்றிமணி குறைந்தாலும் எழுந்துவிடுகிற ஆள். முன்பு ஒரு இடத்தில், காப்பித் தம்ளர் தனக்கு முன்னால் தரகருக்குப் போனது என்று, வந்த சம்பந்தத்தையே உதறிவிட்டு வந்தவராம். அந்தப் பெண் வீட்டார் பின்னாலேயே காப்பியோடு ஓடியிருக்கிறார்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"அக்கா, அவர பஸ் ஸ்டாண்டுல இருந்து இந்தக் கார்ல இட்டாரலாம். காரே கும்பிட்டா? மனுசன் குளுந்துட மாட்டாரு?"

"டேய், மாட்டு வண்டியில இட்டா. மாடு கும்பிடலன்னு யாரும் கோச்சிக்க மாட்டாங்க."

"நீ சும்மா இருக்கா. உனக்கு நாகரிகம் தெரியாது."

சும்மா இருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை காலை, வீட்டுக்கு மூத்தவள் என்ற முறையில் வெற்றிலைத் தட்டோடு பின் சீட்டில், ஏகாம்பரத்துக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கிளம்பும்போது எலுமிச்சம்பழம் விழுந்தது. ஒன்றுகூடச் சக்கரத்தில் மாட்டவில்லை, நாலும் உருண்டோடிவிட்டன. கோழிகள் துரத்திக்கொண்டு போயின.

ஆனால் பஸ் ஸ்டாண்டில்... உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சம்பந்தி பஸ்ஸிலிருந்து இறங்கினார். முறுக்கிய மீசை, நல்ல கறுப்பு மை பூசியது. பின்னால் அவர் சம்சாரம். டைக்காரர் பட்டனை அழுத்தினார். மூடி திறந்தது, கைகள் நீண்டன... 'டொக்!'

சம்பந்தி ஒரு அடி பின்னால் போனார். அப்புறம் சுற்றும் முற்றும் பார்த்தார். பூக்கடைக்காரி பார்க்கிறாளா, பஸ்ஸிலிருக்கிறவர்கள் பார்க்கிறார்களா... பார்த்தார்கள்.

"இன்னொரு தபா செய்யச் சொல்லுங்க. அப்ப பஸ்ஸு மறைச்சிடுச்சி" என்றார்.

இன்னொரு தரம் கும்பிட்டது. முன் சீட்டில் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தார். ஏகாம்பரம் என்னை ஒரு பார்வை பார்த்தான். 'நாகரிகம்' என்று அர்த்தம்.

கை உள்ளே போகவில்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

கார் எங்கள் கொட்டகையில் இத்தனை நாள் நின்றதே! உப்புக் காற்று பெயின்டை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே இருந்த ஸ்பிரிங்கைத் தின்றுவிட்டது. இனி பட்டனே வேண்டாம். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஒரு கும்பிடு. எங்கள் ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்?

சைக்கிளில் எதிரே வந்தவருக்கு ஒரு கும்பிடு. அவரும் பதிலுக்கு இரண்டு கையையும் எடுத்தார். சைக்கிளோடு பள்ளத்தில் சாய்ந்தார். மைல் கல்லுக்கு ஒரு கும்பிடு. ஆட்டு மந்தைக்கு ஆட்டுக்கு ஒன்றாகக் கும்பிடு. சம்பந்தியின் கழுத்து சிவக்க ஆரம்பித்தது.

அப்புறம் அந்த எருமை.

நடு ரோட்டில் நின்றது. கார் நின்றது. எஞ்சின் கிடுகிடுவென்று ஆடியது. ஆட ஆட... டொக், டொக், டொக், டொக். எருமை நகரவில்லை. ஏன் நகரும்? பிறந்ததிலிருந்து அதை இப்படி யார் கும்பிட்டிருக்கிறார்கள்?

"எனக்கு ரெண்டு" என்றார் சம்பந்தி. "எருமைக்கு எத்தினி?"

அவர் சம்சாரம் என் காதோடு சொன்னாள்: "எரும பதிலுக்குத் தலையாட்டிச்சு, பாத்தீங்களா? எங்க வூட்டுக்காரர் அதுகூட செய்யல."

அந்த அம்மாளை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

நிலைமையைக் குளிர்விக்க வேண்டுமென்று டைக்காரர் பன்னீர்ப் பட்டனை அழுத்தினார். கமகமவென்று தூவியது. ஒரு நொடி எல்லோரும் கல்யாண வீட்டில் இருப்பது போல இருந்தது. அடுத்த நொடி கண் எரிந்தது. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல்!

விஷயம் இதுதான். ஏகாம்பரம் வாங்கியது இரண்டு சீசா பன்னீர். தொட்டியோ அண்டா அளவு. மீதிக்கு என்ன செய்வது? கொட்டகைக்குப் பக்கத்துப் பாத்தியில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் நின்றது. மொண்டு ஊற்றிவிட்டான். இன்னும் ஒரு வெயில் காய்ந்தால் உப்பாகப் பூக்கப்போகிற தண்ணீர்! வேறு ஊர்க்காரன் என்றால் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருப்பான். இவன் விடிந்தால் அதில்தான் நிற்கிறான். அது உப்பு என்பதே மறந்து போயிருக்கிறது.

ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. கடற்காற்று. வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் காய்ந்து, சம்பந்தியின் கறுத்த மீசை வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. புருவமும் வெள்ளை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக. எனக்கும், ஏகாம்பரத்துக்கும், அந்த அம்மாளுக்கும், டைக்காரருக்கும் அதே கதி.

வாசலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் அழுதுகொண்டே இறங்கியதைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஏகாம்பரத்தின் பெண்சாதி, "ஐயோ, யாருக்கு இன்னாச்சி?" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். யாருக்கென்று தெரியாமலே இரண்டு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதார்கள்.

சம்பந்தி படியேறவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"திண்டிவனத்துக்கு பஸ் எத்தினி மணிக்கு?"

ஒப்பாரி நின்றது. நிலைப்படியில் பட்டுப்புடவையில் மல்லிகா. தலையில் வைத்த பூவை மெல்லத் தொட்டுப் பார்த்தாள் — கழற்ற வேண்டியிருக்குமோ என்பது போல. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கண் எரிந்தது உப்பினால் இல்லை.

ஏகாம்பரம், "சம்பந்தி... சம்பந்தி..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் குறுக்கே போய் நின்றேன். தட்டைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் கூப்பினேன்.

அவர் பதறிப்போனார். ஏன் தெரியுமா? அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. மூத்தவர்கள் கும்பிட்டால் இளையவர்களுக்கு ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

"அம்மா, இன்னா இது! நீங்க பெரியவங்க. கைய எறக்குங்க!"

"எறங்காதுப்பா. எனக்கும் ஸ்பிரிங்கு மாட்டிக்கிச்சு. நீங்க உள்ள போயி பாயில உக்காந்தாத்தான் எறங்கும்."

"எம் ஆயுசு போவுதும்மா!"

"அப்ப சுருக்கா போங்க."

அவர் இடது பக்கம் போனார். நானும் கூப்பிய கையோடு இடது பக்கம். வலது பக்கம் போனார், நானும். கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அவர் சம்சாரம்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போங்களேன்! எனக்குத் தாலி நெலைக்க வேணாமா?" என்றாள்.

இரண்டே எட்டில் படியேறிப் பாயில் போய் உட்கார்ந்தார் மனுஷன். மேளக்காரருக்கு நான் கண்ணைக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கையை இறக்கினேன். முதல் காப்பி அவருக்குத்தான் போனது, நானே கொண்டுபோனேன். தட்டு மாற்றினார்கள். மல்லிகா தலையில் பூ அப்படியே இருந்தது.

கம்பெனிக்காரர் மறுநாளே காரைக் கட்டி இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார். அத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

நமக்கு ஒருவர் கும்பிடு போட்டால் அது மனசிலிருந்து வருகிறதா, ஸ்பிரிங்கிலிருந்து வருகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? பக்கத்தில் இருக்கிறவனுக்கு நம்மைவிட ஒன்று கூடுதலாகப் போகக் கூடாது, அவ்வளவுதான் நம் கவலை. நான் மட்டும் என்ன ஒழுங்கு?

நேற்று சம்பந்தியிடமிருந்து ஆள் வந்தது. கல்யாணத்துக்கும் அந்தக் காரே வர வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பந்தல் வரைக்கும் ரோட்டில் அன்றைக்கு ஒரு எருமை கண்ணில் படக் கூடாதாம்.

ஏகாம்பரம் காலையிலிருந்து எருமைக்காரர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான்... இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, ஸ்பிரிங் இல்லாமலே!