கூரையைப் பிய்த்துக்கொண்டு போன டாங்க்

மைசூர் ஒண்டிக்கொப்பலில் அன்னபூர்ணி குடியிருந்தது ஓட்டு வீடு. ஓட்டின் மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்ற முடியாது. அதனால் அவள் மாமனார் காலத்திலேயே கிணற்றடிக் கொட்டகையில் ஒரு பிரஷர் டாங்க் வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை, அடியில் செங்கல் மேடை. மோட்டார் கிணற்றுத் தண்ணீரை இறைத்து அதற்குள் திணிக்கும். மேல்பாதியில் அடைபட்ட காற்று நசுங்கி நிற்கும்; எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்தக் காற்று தண்ணீரை வெளியே தள்ளும். அழுத்தம் இறங்கினால் ஒரு ஸ்விட்ச் தானாக மோட்டாரைப் போடும், ஏறினால் நிறுத்தும். அந்தத் தெருவில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இப்படி உண்டு.

அன்னபூர்ணி பிறந்ததே மைசூரில்தான். அப்பா ரயில்வே வேலையாகத் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். அவள் கைப்பிடித்த வெங்கடசுப்ரமணியனும் ரயில்வேதான், கணக்குப் பிரிவு. ஒரே பெண் கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்டாள். இன்டர்மீடியட்டில் சயன்ஸ் படித்த அன்னபூர்ணிக்கு வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் பிரித்துப் பார்க்காமல் இருப்புக் கொள்ளாது. இஸ்திரிப் பெட்டி, ரேடியோ, பூட்டு, எல்லாம் அவள் கைபட்டவை. புருஷனுக்கு அதில் பெருமைதான். "ஆத்திலேயே ஒரு வொர்க்‌ஷாப் இருக்கு," என்பார் ஆபீசில்.

கர்நாடகம் என்று மாநிலத்துக்குப் பெயர் மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் டாங்க்குக்கு நோய் கண்டது. ஒரு டம்ளர் அலம்பினால்கூட கொட்டகையில் 'டக்' என்று ஸ்விட்ச் விழும், மோட்டார் உறுமும், உடனே நிற்கும். கையலம்பினால் மறுபடி டக். குழாயில் தண்ணீர் விக்கி விக்கி வந்தது. மோட்டார் சூடேறிக் கருகின வாசனை. மோட்டார் மெக்கானிக் அய்யாசாமி வந்து மோட்டாருக்குள் தீய்ந்த கம்பிச் சுருளை மாற்றிக் கட்டிக் கொடுத்தார். "டாங்க்குல காத்தே இல்லீங்க, அம்மா. முழுக்கத் தண்ணி. காத்தைத் தண்ணி கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சுத் தின்னுடும். அதான் மோட்டார் இப்படி அடிச்சுக்குது," என்றார்.

அவ்வளவுதான், அன்னபூர்ணி பிடித்துக்கொண்டாள். மோட்டாரை நிறுத்தி, அடிக்குழாயைத் திறந்து டாங்க்கை முழுக்க வடிய விட்டாள். மேலேயிருந்த, சைக்கிள் ட்யூபில் இருப்பது போன்ற வால்வில் சைக்கிள் பம்பை மாட்டிக் காற்றடித்தாள். மறுபடி தண்ணீர் ஏற்றினதும் குழாய் பழையபடி நூல் பிடித்தாற்போல் கொட்டியது. அன்றைக்கு அவள் அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதற்குப் பின் டாங்க்கை விரல் முட்டியால் தட்டியே காற்று எதுவரை, தண்ணீர் எதுவரை என்று சொல்லிவிடுவாள். தண்ணீர் இருக்கும் பாகம் மத்தியானத்தில் வெளியே வேர்க்கும். வேர்வையின் மேல்கோட்டில் கோலமாவால் ஒரு இழுப்பு இழுத்து வைப்பாள். வேர்வை அந்தக் கோட்டைத் தாண்டி ஏறிவிட்டால் காற்றடிக்க வேண்டிய நேரம் என்று அர்த்தம்.

வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள் அஞ்சலை. கௌதள்ளி கிராமத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்த குடும்பம். டாங்க்குக்குப் பக்கத்துக் குழாயடியில் உட்கார்ந்துதான் தேய்ப்பாள். ஒருநாள் புடவை முந்தானையைக் காட்டிச் சலித்துக்கொண்டாள்.

"இங்க உக்காந்தாச் சேலையெல்லாம் செவப்புக் கறையாவுதுங்க, அம்மா. அடியில செங்கல்லு காயறதே இல்ல."

"டாங்க் வேர்க்கறது, அஞ்சலை. ஜில்லுனு தண்ணி இருக்கோல்லியோ? கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கோ," என்றாள் அன்னபூர்ணி.

மேடையோரம் பிஸ்கட் மாதிரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடந்ததை அன்னபூர்ணியே துடைப்பத்தால் தள்ளியிருக்கிறாள். பழைய பெயின்ட் என்று நினைத்தாள்.

அது நடந்தது ஒரு காலைவேளை. வெங்கடசுப்ரமணியன் ஆபீஸ் கிளம்பியாயிற்று. அன்னபூர்ணி சமையலறையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எந்தக் குழாயும் திறந்திருக்கவில்லை. நிற்க வேண்டிய மோட்டார் நிற்கவில்லை.

"அஞ்சலை, மோட்டார் ஏன் ஓடிண்டே இருக்கு? செத்த போய் ஸ்விட்சை அமர்த்திட்டு வாயேன்!"

கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அஞ்சலை துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு மாதேவி "அஞ்சலே, பா இல்லி!" என்று கன்னடத்தில் தன் பக்கம் கூப்பிட்டாள். முறத்தில் கறிவேப்பிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அஞ்சலை கொட்டகைக்குப் போகாமல் மதில் பக்கம் திரும்பினாள்.

பூமிக்குள்ளிருந்து வந்ததுபோல ஒரு சத்தம். சமையலறை ஜன்னல் கண்ணாடி அன்னபூர்ணியின் காலடியில் வந்து விழுந்தது. அவள் தலை நிமிர்ந்தபோது கொட்டகை ஓடுகள் காக்கைக் கூட்டம் போல ஆகாயத்தில் சிதறிக்கொண்டிருந்தன. அவற்றுக்கும் மேலே, நிதானமாக என்றுகூடச் சொல்லலாம், டாங்க் போய்க்கொண்டிருந்தது. அவள் இழுத்த கோலமாவுக் கோடு தெரிந்தது. தென்னைமட்டை உயரத்துக்குப் போய், ஒரு தரம் புரண்டு, மாதேவியின் கொல்லையில் அவரைப் பந்தலைச் சப்பட்டையாக்கிக்கொண்டு விழுந்தது. தரை அதிர்ந்தது அவள் உள்ளங்காலில் ஏறியது.

அப்புறம் ஒரு அமைதி. அதில் மாதேவியின் குரல் மட்டும். "அய்யோ, ஏனாயித்து! அன்னபூர்ணம்மா, பன்னி! பேக பன்னி!" என்ன ஆச்சு, சீக்கிரம் வாங்க என்று கன்னடத்தில் அலறினாள்.

அன்னபூர்ணியால் நகர முடியவில்லை. கையில் அரிசிப் பாத்திரம். அதைக் கீழே வைக்க வேண்டும் என்று தோன்றிற்று, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அதைக் கையில் பிடித்தபடியே கொல்லைக்கு ஓடினாள். முற்றமெல்லாம் செம்மண் நிறத்தில் தண்ணீர். மதிலோரம் அஞ்சலை ஒருக்களித்துக் கிடந்தாள். செங்கல் ஒன்று அவள் தோளில் அடித்திருந்தது. கண் திறந்திருந்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கறிவேப்பிலை அவள் தலைமுடியெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மதிலைச் சுற்றி ஓடிவந்த மாதேவிதான் அரிசிப் பாத்திரத்தை அன்னபூர்ணியிடமிருந்து பிடுங்கி வைத்தாள். அவளே குதிரைவண்டிக்கும் ஆள் அனுப்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காறை எலும்பு முறிவு என்றார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் கையைத் தூக்க நாளாகும். ஆபீசிலிருந்து ஓடிவந்த வெங்கடசுப்ரமணியன் வராந்தாவில் மனைவியைக் கண்டார். அவள் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். "அன்னம்," என்றார். அவள் திரும்பவில்லை. வராந்தா ஓரத்துக் குழாயில் யாரோ கையலம்பினார்கள். குழாய் திறந்த சத்தத்துக்கே அவள் உடம்பு தூக்கிப் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவர் கொட்டகையில் நின்று பார்த்தார். சுவர் ஒரு பக்கம் இல்லை. செங்கல் மேடை மேல் டாங்க்கின் அடித்தட்டு மட்டும் தோசைக்கல் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதன் விளிம்பைத் தொட்டார். அப்பளமாக நொறுங்கியது. எத்தனையோ வருஷமாக ஈரத்தில் ஊறி, பற்றவைத்த இடம் முழுக்கத் துருவேறிப் போயிருந்தது.

அய்யாசாமி வந்து மிச்சத்தைச் சொன்னார். டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே ஸ்விட்சின் முனைகள் தீய்ந்திருக்கின்றன, அன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. மோட்டார் நிற்கவில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அதிக அழுத்தத்தை வெளியேற்றும் சேஃப்டி வால்வை, ஒழுகுகிறது என்று எப்போதோ கட்டையடித்து மூடியிருந்தார்கள். யார் மூடியது என்று யாருக்கும் நினைவில்லை.

"மேல போகணும்னா அதுக்கு விசை வேணுமே? தண்ணிக்கு ஏது அத்தனை விசை?" என்று வெங்கடசுப்ரமணியன் கேட்டார்.

"தண்ணி மட்டும் இருந்திருந்தா அடி கழண்டு ஒழுகிப் போயிருக்கும் சார். உள்ள காத்து அடைச்சிருந்துச்சுல்ல, அதுதான் உதைச்சுத் தூக்கிடுச்சு."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த அன்னபூர்ணி அதைக் கேட்டாள். சைக்கிள் பம்பால் தானே அடித்த காற்று. அன்று முழுதும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கடசுப்ரமணியன் பரிந்து பேசினார், கோபித்தும் பார்த்தார். "நீ ஒழுங்காத்தான் பண்ணினே. யாருக்குத் தெரியும், அடியில அரிச்சிருக்குன்னு?" என்றார். "ஏன்னா, அஞ்சலை சொன்னா. செங்கல் காயலைன்னு சொன்னா," என்றாள் அவள். கிணற்றில் கயிறும் வாளியும் போட்டு அவரே இறைத்துக் கொடுத்தார்.

அஞ்சலை வீட்டுக்குத் திரும்பினதும் அன்னபூர்ணி பார்க்கப் போனாள். ரயில் பாதைக்கு அந்தண்டை, தகரம் வேய்ந்த ஒற்றை அறை. அஞ்சலை சுவரில் சாய்ந்திருந்தாள். கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. அன்னபூர்ணி கொண்டுபோன ரசத்தைக் கீழே வைத்தாள்.

"நான்தானே உன்னைப் போகச் சொன்னேன், அஞ்சலை," என்றாள்.

அஞ்சலை பரவாயில்லை என்று சொல்வாள் என்று அவள் உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். அஞ்சலை சொல்லவில்லை.

"ஆமாங்க. நீங்கதான் சொன்னீங்க. மாதேவியம்மா கூப்புடலைன்னா நான் அதும் பக்கத்துல நின்னுருப்பனுங்க. ஈரம்னு சொன்னேன், வேர்க்குதுன்னீங்க. தள்ளி உக்காருன்னீங்க."

முகத்தில் அறை வாங்கினாற்போல் அன்னபூர்ணி உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் எல்லாரும் அவளைத் தேற்றியே பேசினார்கள். ஒருத்தராவது உள்ளதைச் சொல்லவில்லை. அஞ்சலை ரசத்தை ஒரு கையால் எடுத்துக் குடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அம்மா, ராஜலக்ஷ்மியம்மா வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்குதுங்களே. எம் மக பாக்கியலட்சுமிதான் இப்ப எனக்குப் பதிலா அங்க தேய்க்கப் போறா. அதும் அடியிலதான் உக்காந்திருப்பாளுங்க."

தன் டாங்க்கையும் தன் பாவத்தையுமே நினைத்துக்கொண்டிருந்த அன்னபூர்ணிக்கு அது தோன்றவே இல்லை. செருப்பைப் போட்டாளா என்றுகூட நினைவில்லாமல் நடந்தாள்.

ராஜலக்ஷ்மி அதே தெருக் கோடியில் இருந்தவள், அவள் வயசுக்காரி. கதவைத் திறந்ததும் அனுதாபமாகக் கையைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "எங்காத்து டாங்க் பேஷா இருக்கு. போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடிச்சோம். நீங்க ரொம்ப பயந்துட்டேள், பாவம்."

"இருக்கட்டும். ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்கோ. பாக்கியலட்சுமி, நீ எழுந்து வாசலுக்குப் போம்மா."

கொல்லையில் அந்தப் பெண் பாதி தேய்த்த வாணலியோடு விழித்தது. அன்னபூர்ணி அதட்டின அதட்டலில் எழுந்து போயிற்று. பச்சை பெயின்ட்டில் டாங்க் புதுசு போலத்தான் இருந்தது. கிட்டே போக அன்னபூர்ணிக்குக் கால் வரவில்லை. மோட்டாரின் மெயினை அமர்த்தினாள். வீட்டுக் குழாய்களை எல்லாம் திறந்துவிடச் சொன்னாள். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை காத்தாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டாங்க் மேடையைத் தொடும் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள்.

அது உள்ளே போயிற்று. வெண்ணெயில் போவது போலப் பிடிவரை போயிற்று. பச்சை பெயின்ட் தோலாக உரிந்து, பின்னாலேயே செம்மண் தண்ணீர் அவள் விரல்மேல் வழிந்தது.

ராஜலக்ஷ்மியின் சிரிப்பு நின்றது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். "எங்காத்துக்காரர் நேத்திக்கு அங்கதானே ஸ்நானம் பண்ணினார்," என்றாள் யாரிடமோ சொல்வது போல. அன்னபூர்ணி ஸ்க்ரூடிரைவரை எடுக்காமல் அதைப் பார்த்தபடி இருந்தாள். அன்று சமையலறையில் வராத அழுகை இப்போது வந்தது. வாய்விட்டு அழுதாள். வாசலிலிருந்து பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

அந்த டாங்க்கை அன்றே கழற்றினார்கள். தெருவில் மிச்சமிருந்த வீடுகளுக்கும் அன்னபூர்ணி போனாள். ஒன்றில் சேஃப்டி வால்வு துருவேறி இறுகிக் கிடந்தது. கூட நின்று மாற்றவைத்தாள். இன்னொன்று நன்றாகவே இருந்தது. ஆனாலும் செங்கல்லை எடுத்துவிட்டு, அடி கண்ணுக்குத் தெரியும்படி இரும்புக் காலில் நிறுத்தச் சொன்னாள். விஷயம் பரவி பக்கத்து ஜயலக்ஷ்மிபுரத்திலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள். 'டாங்க் மாமி' என்று பெயரே வந்துவிட்டது. எங்கே போனாலும் முள் பூஜ்யம் காட்டாமல் கிட்டே போகமாட்டாள், போகிற ஒவ்வொரு முறையும் அவள் முழங்கால் ஆடும். அதை அவள் மறைத்துக்கொண்டதுமில்லை.

அவர்கள் வீட்டில் மறுபடி டாங்க் வரவில்லை. கொல்லையில் நாலு தூண் எழுப்பி சிமென்ட் தொட்டி கட்டினார்கள். தை மாசத்தில் அஞ்சலை திரும்பி வந்தாள். கையை முழுக்கத் தூக்க முடியவில்லை. பெரிய பாத்திரங்களை அன்னபூர்ணி தானே தேய்த்துக் கொண்டாள். இருவருக்கும் இடையில் முன்னைப் போல வம்புப் பேச்சு இல்லை. ஆனால் கொல்லையில் எதைக் கண்டாலும் அஞ்சலை சொல்வாள், சுவர் விரிசல், வயர் தேய்ந்தது, படி ஆடுவது, எதுவானாலும். அன்னபூர்ணி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, அவள் காட்டின இடத்தில் குனிந்து பார்ப்பாள்.