எண்ணெய்க் காலுக்கு ஏற்ற கல்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் ஒரு கல் கிடங்கு. அதற்குப் பின்னால் கல் அறுக்கும் பட்டறை. சொந்தமாக லாரி. கீழப்பாவூரில் மாடி வீடு. கடையத்திலும் சுந்தரபாண்டியபுரத்திலும் நான் கொடுத்த கல் பதிக்காத கல்யாண மண்டபம் ஒன்றை யாராவது காட்டட்டும், பார்க்கலாம். இத்தனையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒருவன் செய்தது. அப்பன் சொத்து என்று ஒரு செங்கல்கூடக் கிடையாது. ராஜஸ்தானுக்குப் போய், தெரிந்த மூன்றே இந்தி வார்த்தைகளில் ஒரு லாரி பளிங்கு பேசி முடித்தவன் நான். அந்த மூன்றில் ஒன்று தப்பான வார்த்தை என்று ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சரக்கு சரியாகவே வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, அருவிச் சத்தம் கேட்கும் தூரத்தில் நிற்கிறதே ஒரு சொகுசு அடுக்குமாடி, அதன் தரை முழுவதும் நான் தேடிப் பிடித்த கல். ஆனால் வாசலில் பதித்திருக்கும் திறப்பு விழாக் கல்வெட்டில் என் பெயர் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டியவர் துபாயில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். என்னைவிட இளையவர். தங்கமான மனுஷன், ஆனால் பளபளப்பு என்றால் மயங்கிவிடுவார்.

"அண்ணாச்சி, வரவேற்புக் கூடத்துக்கு வெள்ளைப் பளிங்குதான். குனிஞ்சா மொகம் தெரியணும். துபாய்ல அப்படித்தான் போடுதான்."

"துபாய்ல சாரல் அடிக்கா மொதலாளி? அங்கன ஆளுவ ஒடம்பெல்லாம் எண்ணெயத் தேய்ச்சிக்கிட்டு லாபிக்குள்ள வருதாவளா?"

குற்றாலத்துச் சீசனைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிட ஆட்கள் வரிசையாகக் காத்திருப்பார்கள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தேய்த்துக்கொண்டு, அருவியில் நின்று, சொட்டச் சொட்டத் தங்கும் இடத்துக்கு வருவதுதான் இங்கே வழக்கம். எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் பாதத்து எண்ணெய் முழுதாகப் போகாது. அந்தக் காலைப் பளிங்கில் வைத்தால் என்ன ஆகும்?

"சாதாக் கல்லப் போட்டா மெட்ராஸ்காரன் வீடு வாங்குவானா?" என்றார்.

"சாதாக் கல்லுன்னு யாரு சொன்னா? பாத்தா பணக்காரக் கல்லா இருக்கும், மிதிச்சா வழுக்காது. கொண்டாந்தா என்ன தருவிய?"

"கொண்டாங்க. தெறப்பு விழாக் கல்லுல ஒங்க பேரும் உண்டு. போதுமா?"

போதும் என்றேன். அன்று இரவே கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறிவிட்டேன். பையில் வேட்டி சட்டையோடு ஒரு பாட்டில் நல்லெண்ணெய்.

அங்கே ஒவ்வொரு கிடங்காக ஏறி, கிரானைட் பலகையைத் தரையில் போடச் சொல்லி, எண்ணெயையும் தண்ணீரையும் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கிடங்குக்காரர் ஒருவர் சிரித்தே விட்டார். "பெரியவரே, கல்லுக்கு இன்னைக்குத்தான் தீபாவளியா?" சிரிக்கட்டும். மெருகு போட்டதெல்லாம் வழுக்கியது. நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கியது வழுக்கவில்லை, குதிகாலை உரித்தது. கடைசியில் தோல் மெருகு என்று ஒன்றைக் காட்டினார்கள். மழையில் நனைந்த எருமை முதுகு மாதிரி கருஞ்சாம்பல். கை வைத்தால் மிருது, கால் வைத்தால் பிடிக்கிறது. அந்தக் கல்லின் மேல் நின்று நான் ஆடியே விட்டேன், பொய் இல்லை.

ஊருக்கு வந்ததும் முதலாளியின் கட்டிடத்திலேயே பளிங்கையும் என் கல்லையும் பக்கம் பக்கமாகப் போட்டேன். சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஞாயிற்றுக்கிழமை அது. குளிக்க வந்திருந்த என் மச்சினன்மார் இரண்டு பேரையும் எண்ணெய்க் காலோடு அழைத்துவந்தேன். முதலாளியும் அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். வேடிக்கை பார்க்க என் வீட்டுக்காரியும் வந்திருந்தாள்.

முதலில் என் கல். மூன்று பேரும் கல்யாண ஊர்வலம் போல நடந்தார்கள்.

"இப்பம் பளிங்குல வாங்க மொதலாளி. மெதுவா."

"எனக்குச் சொல்லுதியளா? துபாய்ல பளிங்குலயே நடந்தவன் நான்."

அடுத்த எட்டில் அவருடைய ஒரு கால் மதுரைக்கும் இன்னொரு கால் செங்கோட்டைக்கும் புறப்பட்டது. மச்சினன்மார் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள், அவர்களும் வழுக்கினார்கள். மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவராக மெதுவாக உட்கார்ந்தார்கள். அடி ஒன்றும் இல்லை. முதலாளிக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

"சரி அண்ணாச்சி, ஒங்க கல்லே வரட்டும். மொதல்ல என்னையத் தூக்கிவிடுங்க!"

லாரி லாரியாகக் கல் வந்தது. வரவேற்புக் கூடம், படிக்கட்டு, நீச்சல் குளத்தங்கரை எல்லாம் அதே கல். திறப்பு விழாவுக்கு முன்பே ஒரு சீசன் முழுக்க, வந்தவர்களின் பிள்ளைகள் ஈரக்காலோடு ஓடியும் ஒருவரும் விழவில்லை. வீடு பார்க்க வந்த மெட்ராஸ்காரர்கள் அதைத் தடவிப் பார்த்து, எந்த நாட்டுக் கல் என்று கேட்டார்கள்.

திறப்பு விழா அன்று திரையை விலக்கினார்கள். முதலாளி பெயர், என்ஜினியர் பெயர், மின்சார வேலை பார்த்தவர் பெயர்கூட இருந்தது. என் வீட்டுக்காரி காதருகே குனிந்தாள். "பேரு வெட்டியிருக்க கல்லும் நீங்க குடுத்ததுதானே? கல்லு மட்டும் வந்திருக்கு, ஆளக் காணும்!"

முதலாளியிடம் கேட்டேன். "கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. சப்ளையர் பேரு போடுத வழக்கம் இல்லன்னு என்ஜினியர் சொல்லிட்டாரு."

முதலாளி, நான் சப்ளையர் இல்லை. கொடுத்ததை ஏற்றி இறக்குகிறவன்தான் சப்ளையர். உங்கள் கட்டிடத்துக்கு வந்து போகிறவர்கள் எல்லாம், எண்ணெயில் நடந்து பார்த்த என் காலை நம்பி நடக்கிறார்கள். வாக்குக் கொடுத்தபோது நீங்கள் துபாயில் இல்லை, என் எதிரில்தான் இருந்தீர்கள். அந்தக் கல்வெட்டுப் பலகையை என் பெயருக்காக வேண்டுமென்றேதான் ஒரு சாண் கூடுதலாக அறுத்துக் கொடுத்தேன். அடியில் அந்த ஒரு சாண் இன்னும் காலியாக இருக்கிறது. வெட்டுகிற ஆளை நானே கூட்டி வருகிறேன். "தரைக்கல் தேர்ந்தவர்" என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை வெட்டுங்கள். மின்சாரக்காரர் பெயரைவிடச் சின்ன எழுத்தாக இருக்கக் கூடாது.